சூரியனுக்கு நாலரை, ஆபீசுக்குப் பத்து

இந்தியாவில் எந்த மூலையில் இருந்தாலும் கடிகாரம் ஒரே மணியைத்தான் காட்டும். சூரியன் அப்படிக் கட்டுப்படுவதில்லை. ஜூன் மூன்றாவது வாரத்தில் மும்பையில் அது காலை 6 மணி வாக்கில் எழுகிறது. சென்னையில் ஏறத்தாழ 5.45. குவாஹாத்தியில் 4.30. வெளிச்சம் பரவ ஆரம்பிப்பது அதற்கும் கிட்டத்தட்ட அரை மணி முன்னால். பெரியவர்களுக்கு இது பொது அறிவுத் தகவல். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இது உத்தரவு.

மாற்றலாகி நாங்கள் குவாஹாத்திக்கு வந்தபோது மகளுக்குப் பதினான்கு மாதம். அப்போது பிப்ரவரி. காலை ஆறு மணிக்கு எழுந்தாள். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். மார்ச் கடைசியில் அது ஐந்தே கால் ஆனது. மே மாத நடுவில் நாலரைக்கும் முன்னால். எழுந்ததும் அழுவதில்லை. அழுதால்கூடத் தட்டித் தூங்க வைக்கலாம். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பெருமாள் கோயில் சுப்ரபாதம் மாதிரி ஒரே ராகத்தில் எங்களை அழைப்பாள். முகத்தில் தூக்கத்தின் சாயலே இருக்காது. எங்கள் முகத்தில் வேறு எதுவும் இருக்காது.

வீடும் அவள் கட்சி. இங்கே ‘அஸ்ஸாம் டைப்’ என்று சொல்லப்படும் பழைய மாடல் வீடு. மரச்சட்டம், நாணல் வேய்ந்து பூசிய மெல்லிய சுவர், மேலே தகரக் கூரை. 1897இல் வந்த பெரிய பூகம்பத்துக்குப் பிறகு பரவிய கட்டுமானம் இது. நிலம் ஆடினால் வீடும் சேர்ந்து ஆடும், இடிந்து விழாது. பூகம்பத்துக்கு ஏற்ற வீடு, தூக்கத்துக்கு அல்ல. விடிகிற நேரத்தில் தகரத்தின் மேல் நாலு மைனாக்கள் நடந்தால் உள்ளே நாற்பது பேர் நடப்பது போலக் கேட்கும். மேலே இருக்கும் வென்டிலேட்டர்கள் வழியாக வெளிச்சம் நேராகக் கட்டிலில் விழும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பழைய நூல்புடவையில் தூளி கட்டலாம் என்றால், மெல்லிய ஃபால்ஸ் சீலிங்கில் எங்கே கொக்கி அடிப்பது? கடைசியில் இரும்பு ஸ்டாண்ட் வாங்கித்தான் தூளி கட்டினோம்.

யோசனைகளுக்குக் குறைவில்லை. கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் சொன்னார்: “எட்டு மணிக்கே ஏண்டி தூங்கப் பண்றே? பத்து மணி வரைக்கும் விளையாட விடு. தானா ஏழு மணி வரைக்கும் தூங்குவா.” பேத்தியை நேரில் பார்க்காத தூரத்தில் இருப்பவர் சொன்னதைத் தட்ட மனமில்லை. மூன்று நாள் பத்து மணி வரை விளையாடினாள். நாலாவது நாளும் காலை 4.20க்கு ராகம் ஆரம்பித்தது. ஒரே மாறுதல், ஒன்பது மணிக்குள் எதற்கெடுத்தாலும் அழுகை. கீழே இருக்கும் வீட்டுக்காரப் பாட்டியை நாங்கள் ஊர் வழக்கப்படி ஆய்தா என்று கூப்பிடுகிறோம். அவருக்கு எங்கள் புகாரே புரியவில்லை. “வெயில் வந்தாச்சு, குழந்தை எழுந்தாச்சு. இதுல என்ன?” என்று இந்தியில் கேட்டார். அவரே அதற்குள் குளித்து, பூப்பறித்து முடித்திருந்தார்.

அம்மாவின் யோசனை ஏன் பலிக்கவில்லை என்பதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. ஜூரிச் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பேய் 1982இல் வெளியிட்ட கருத்து, இன்றும் தூக்க ஆராய்ச்சியின் அடிப்படைகளில் ஒன்று. அவர் கணக்கில் தூக்கத்தை இரண்டு விஷயங்கள் ஆள்கின்றன. ஒன்று அழுத்தம்: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்தின் தேவை ஏறிக்கொண்டே போகும், தூங்கினால் இறங்கும். இன்னொன்று உடலுக்குள் இருக்கும் கடிகாரம். அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். இரவு முழுதும் தூங்கிய குழந்தைக்கு விடிகாலை நாலு மணிக்கு அழுத்தம் பெரும்பாலும் இறங்கிப் போயிருக்கும். அப்போது அவளைத் தூக்கத்தில் பிடித்து வைத்திருப்பது கடிகாரம் மட்டும்தான். வெளிச்சம் வந்து அதையும் கழற்றிவிட்டால் பிறகு தாலாட்டால் ஆவது ஒன்றுமில்லை. படுக்கும் நேரத்தை மட்டும் தள்ளிப் போட்டால் முன்பக்கம் குறையுமே தவிர, பின்பக்கம் நீளாது.

சிறு குழந்தைகளின் கண்கள் வெளிச்சத்துக்கு நம்மைவிட எளிதில் அசைந்துகொடுக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து நடந்த சிறிய ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட விட்டதில், தூக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் சராசரியாக 88 சதவீதம் அளவுக்கு அடங்கிப் போனதாம். டியூப் லைட்டுக்கே இந்தப் பாடு என்றால், பிரம்மபுத்திராவுக்கு மேலே எழும் ஜூன் மாதச் சூரியனிடம் யார் வாதாடுவது?

குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் எழும் நேரத்தைக் கேட்கவே இல்லை. எடை பார்த்தார். விளையாடுகிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேட்டார். பிறகு, “இருபத்து நாலு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு தூங்குகிறாள்? எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். ஒரு வாரம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். ஏறக்குறைய எல்லா நாளும் ஒரே மாதிரி: இரவு 7.50 முதல் காலை 4.25 வரை, எட்டு மணி 35 நிமிடம். காலை 7.40 முதல் 8.50 வரை. மதியம் 1 முதல் 2.30 வரை. கூட்டினால் பதினொன்றே கால் மணி நேரம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். மகள் எல்லைக்கு உள்ளேதான் இருந்தாள், ஓரமாக. இரவு பதினொன்றுக்குப் படுத்து 4.25க்கு எழுந்த நாங்கள் எந்த எல்லையிலும் இல்லை.

அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டியது. காலை 7.40க்குப் போடும் குட்டித் தூக்கம் பகல் தூக்கமே அல்ல. இரவிலிருந்து உடைந்து விழுந்த துண்டு. நாலரைக்கு எழுந்தவள் ஏழரைக்கு மீதியைத் தூங்கிக்கொள்கிறாள். அது கிடைக்கும் என்று ஆகிவிட்டதால் நாளைக்கும் நாலரைக்கு எழ அவளுக்கு ஒரு தடையும் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் பகலில் இரண்டு தூக்கத்திலிருந்து ஒன்றுக்கு மாறுவது ஒன்றேகால் முதல் ஒன்றரை வயதுக்குள். மகளுக்கும் அந்த வயது வந்திருந்தது.

வேலையைத் தொடங்கினோம். முதலில் ஜன்னல். திரைக்குப் பின்னால் தடித்த கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்து மாட்டினோம். வென்டிலேட்டருக்கு அட்டைப் பெட்டியை வெட்டிப் பொருத்தினோம். மைனாக்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, மின்விசிறிச் சத்தத்தில் அவை கொஞ்சம் அமுங்கின. இதிலேயே அரை மணி நேரம் கிடைத்தது. அடுத்தது காலைத் தூக்கம். மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை பதினைந்து நிமிடம் தள்ளினோம். எட்டு, எட்டேகால், எட்டரை என்று நகர்ந்து பதினொன்றரைக்கு வந்து நிற்க இரண்டு மாதம் ஆயிற்று. இடையில் சோற்றுக் கிண்ணத்தின் மேலேயே தலை சாய்ந்த நாட்கள் உண்டு. சாப்பாட்டையும் பதினொன்றுக்கு முன்னால் கொண்டுவந்தோம். மதியத் தூக்கம் அதில் கரைந்து, பதினொன்றரை முதல் ஒன்றேமுக்கால் வரை ஒரே தூக்கமானது. மூன்றாவதாக, இரவுப் படுக்கையை ஏழு மணிக்கு முன்னால் இழுத்தோம். காலை ஐந்துக்கு எழுந்தாள். மொத்தம் பன்னிரண்டே கால் மணி நேரம். ஒன்பது மணி அழுகை நின்றது.

கணக்கு சரியானதும்தான் உண்மையான சங்கடம் தொடங்கியது. எனக்கு அலுவலகம் விட்டு வீடு வந்து சேர மாலை 6.40 ஆகும். ஏழு மணிக்குக் குழந்தை தூங்கினால் எனக்குக் கிடைப்பது இருபது நிமிடம். அதிலும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பாள். முதல் வாரம் அப்படித்தான் போனது. ஓடி வந்து, கை கழுவி, அவளைத் தூக்கும்போதே அவள் தூளியைக் காட்டினாள். அவளுடைய நல்ல தூக்கத்துக்கு விலை, அவளோடு எனக்கிருந்த மாலை நேரம் முழுவதும். எந்த வழிகாட்டுதலிலும் இந்தக் கணக்கு இல்லை. அம்மாவுக்காகக் குழந்தையை எட்டரை வரை விழிக்க வைப்பதா, குழந்தைக்காக அம்மா விலகிக்கொள்வதா?

இதில் குற்றவாளியைத் தேடினால் கடைசியில் கடிகாரத்திடம் போய் நிற்க வேண்டும். இந்தியாவுக்கு ஒரே நேரம் என்பது 1906 ஜனவரி 1 முதல் வந்த ஏற்பாடு. மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைதான் அளவு. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் சொந்த நேரத்தை விடவில்லை. மேற்கே குஜராத் முதல் கிழக்கே அருணாசலம் வரை நாடு ஏறக்குறைய 29 டிகிரி விரிந்திருக்கிறது. சூரியக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். குவாஹாத்தி மட்டும் அந்த நடுக்கோட்டிலிருந்து 37 நிமிடம் முந்தி இருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் பிரிட்டிஷ் காலத்திலேயே தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டன. அதற்கு ‘பாகான் டைம்’ என்று பெயர், தோட்ட நேரம். வெளிச்சத்தை வீணாக்காமல் இலை பறிக்க வேண்டும் என்பது அன்றைய துரைமார்களின் அக்கறை, தொழிலாளர்களின் தூக்கம் அல்ல. ஆனாலும் சூரியனுக்கு மரியாதை கொடுத்த கடிகாரம் அதுதான்.

வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டும் என்று திரைப்பட இயக்குநர் ஜானு பருவா பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார். 2014இல் முதல்வர் தருண் கோகோய் அஸ்ஸாமுக்குத் தோட்ட நேரத்தைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார், நடக்கவில்லை. 2017இல் இதற்காகப் போடப்பட்ட பொது நல வழக்கை குவாஹாத்தி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே இரண்டு நேர மண்டலங்கள் சாத்தியம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அஸ்ஸாமும் மேற்கு வங்கமும் சந்திக்கும் எல்லை குறுகியது, ரயில்களின் கடிகாரத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். மேற்கில் இருப்பவர்களும் ஒரே நேரத்துக்கு விலை கொடுக்கிறார்கள். சூரியன் தாமதமாக மறையும் ஊர்களில் குழந்தைகள் தாமதமாகத் தூங்கி, பள்ளிக்காக அதே நேரத்தில் எழுந்து, தூக்கத்தை இழக்கிறார்கள் என்று பொருளாதார நிபுணர் மௌலிக் ஜக்நானியின் ஆய்வு காட்டியது. அங்கே மாலை நீள்கிறது. இங்கே காலை முந்துகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆபீஸ் மட்டும் ஒரே நேரத்தில் திறக்கிறது.

நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்க முடியாது என்பதால் வீட்டளவில் ஒரு முடிவு எடுத்தோம். மாலை போனால் போகட்டும், காலை என்னுடையது. ஐந்து முதல் ஏழேகால் வரை மகளும் நானும் மட்டும். அந்த நேரத்தில் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் கண்ணை மூடலாம் என்ற ஆசை பொல்லாதது. இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்று நிபுணர்கள் சொல்வது இருக்கட்டும். முந்திய நாள் முழுவதும் பார்க்காத குழந்தையைத் திரைக்குக் கொடுத்துவிட்டால் பிறகு எனக்கு என்ன மிச்சம்? மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் முறுக்கு தின்போம். ஆய்தாவின் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அவளுடைய முதல் முழு வாக்கியத்தை நான் கேட்டது காலை 5.20க்கு. “காக்கா போச்சு.” மாலை நேரத்து அம்மாவாக மட்டும் இருந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

இதற்காக நானும் ஒன்பதரைக்குப் படுக்கிறேன். தோட்ட நேரப்படி பத்தரை. ஊரில் உள்ள உறவினர்கள் ஒன்பது மணிக்குத்தான் போனை எடுப்பார்கள், அவர்களோடு பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. இரவு விருந்துகளுக்கு நாங்கள் போவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலையைக் கணவர் எடுத்துக்கொள்கிறார், அந்த இரண்டு நாளும் ஆறரை வரை தூங்குகிறேன். கறுப்புத் திரையால் மகளைவிட எனக்குத்தான் லாபம்.

பகல் தூக்கத்தில் இன்னொருவருக்கும் பங்கு இருந்தது. மகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மையாரை நாங்கள் மாஹி என்று அழைக்கிறோம். அஸ்ஸாமியில் சித்தி. காலை எட்டரைக்கு வருவார். இரண்டு தூக்கம் இருந்தபோது வந்ததும் ஒரு ஓய்வு, மதியம் ஒரு ஓய்வு அவருக்குக் கிடைத்தது. ஒரே தூக்கமாக்கியதும் எட்டரை முதல் பதினொன்றரை வரை மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடும் குழந்தையின் பின்னால் அவர் ஓட வேண்டியதாயிற்று. மாற்றம் முடிந்த வாரத்தில் தயங்கிச் சொன்னார்: “பைதேவ், பாப்பா தூங்கும்போது துணி மடிக்க முடியாது. நான் அப்போதான் சாப்பிடணும்.” பைதேவ் என்றால் அக்கா. வயதில் அவர்தான் எனக்கு மூத்தவர். அந்த இரண்டேகால் மணி நேரம் வீட்டு வேலை எதுவும் இல்லை, சாப்பாடும் படுக்கையும் அவருக்கு என்று அன்றைக்கே பேசி முடித்தோம். துணியை மாலையில் கணவர் மடிக்கிறார். சுமாராக.

பேச்சோடு பேச்சாக அவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று கேட்டேன். நாலு மணிக்கு. இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு வண்டி மாறி இங்கே வர வேண்டும். எங்கள் வீட்டில் மருத்துவர் வரைக்கும் போன நாலரை மணி, அவர் வீட்டில் அடுப்பு எரியும் நேரம். கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய பிள்ளைகளும் அந்நேரத்துக்கே எழுந்தார்களா என்றதற்குச் சிரித்தார். எழுந்தார்கள், மாமியார் முதுகில் கட்டிக்கொண்டு கோழிக்குத் தீனி போட்டார் என்றார். அங்கே அது பிரச்சினை ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் எட்டு மணிக்குப் படுத்துவிடுகிற ஊர் அது.

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். இங்கே மாலை 4.30க்கு சூரியன் மறைந்துவிடுகிறது. காலை ஆறுக்குத்தான் எழும். ஐந்தரை மணிக்கே மகளுக்குக் கண் சொக்கும். விட்டால் நான் வரும்போது நடு இரவில் இருப்பாள். அதனால் குளிர்காலத்தில் பகல் தூக்கத்தைப் பன்னிரண்டரைக்குத் தள்ளுகிறோம். மாலையில் விளக்கையெல்லாம் போட்டுப் பந்து உருட்டுகிறோம். ஏழரைக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறாள். ஜூனில் எதிரியாக இருந்த வெளிச்சத்தை டிசம்பரில் மின்கட்டணம் கட்டி வாங்குகிறோம். பால் நோட்டில் இப்போது இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன, வெயில் காலத்துக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று.

அதிகாலைக் குழந்தை வாய்த்திருக்கும் பெற்றோர்கள் கேட்டால் நான் சொல்வது கொஞ்சம்தான். ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. இருட்டைக் கூட்டுங்கள், முதல் தூக்கத்தை மெல்லத் தள்ளுங்கள், படுக்கையை முன்னால் கொண்டுவாருங்கள். ஐந்து மணிக்கு மேல் நகரவில்லை என்றால் அதோடு சண்டையை நிறுத்திக்கொண்டு, அந்த நேரம் யாருடையது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பேசாவிட்டால் அது தானாகவே அம்மாவுடையதாகிவிடும்.

மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் பகல் தூக்கத்தை நிறுத்திவிடுகின்றன. எங்கள் வீட்டிலும் அந்த நாள் வரும். இரவு இன்னும் கொஞ்சம் நீளும், கணக்கு எளிதாகும் என்று கணவர் ஆவலாகக் காத்திருக்கிறார். போன வாரம் மகள் பகலில் தூங்க மறுத்து ஒரு மணி நேரம் தூளியில் பாடிக்கொண்டிருந்தாளாம். மாஹி அன்றைக்கு நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறார். பகல் தூக்கம் நின்ற பிறகு அவருடைய சாப்பாட்டு நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறோம்.